இ20 பெட்ரோலும் தாத்தாவின் அம்பாசடரும்: கார்புரேட்டரை மாற்றலாமா?

தாத்தாவோட அம்பாசடர் இன்னும் ஓடுதா? அப்போ இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேணும். 20% எத்தனால் கலந்த இ20-க்கு சுமார் 13.5 கிலோ போதும். அதாவது, அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை.

எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனில் சென்சார் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும். எரிபொருள் தானாகக் கூடும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஜெட்டின் துளை எவ்வளவோ, அவ்வளவுதான். விளைவு: இழுவை குறையலாம், இன்ஜின் சூடேறலாம்.

அப்போ இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடலாமா? அவசரப்படாதீங்க. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 'விண்டேஜ்' பதிவு தரும் 2021 மத்திய விதி, இன்ஜினை மாற்றியமைத்திருக்கக் கூடாது என்கிறது. கார்புரேட்டரைக் கழற்றினால் அந்தப் பதிவுக்கே சிக்கல் வரலாம். பெரிய ஜெட், எத்தனால் தாங்கும் ரப்பர் குழாய்கள்: முதலில் இதைச் செய்யுங்க.