நிலவுப் பண்டிகை யாருக்கு?

சந்திரனை வைத்து ஒரு பண்டிகை என்று சொன்னவுடனேயே, “இதுவும் மூடநம்பிக்கைதானே!” என்று தோழர்கள் சிலர் முடிவு கட்டிவிடக் கூடும். நாம் அப்படி அவசரப்படுவதில்லை. எந்தப் பண்டிகையானாலும் அதன் பலனை அனுபவிப்பவர் யார் என்பதே நமது கேள்வி.

வியட்நாம் தேசத்தில் சந்திரமானக் கணக்கின்படி எட்டாம் மாதத்துப் பௌர்ணமியன்று விளக்குப் பண்டிகை நடக்கிறது. மூங்கில் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டிய ஐந்து முனை நட்சத்திர விளக்குகளை ஏந்திப் பிள்ளைகள் ஊர்வலம் வருவார்கள். சிங்க வேஷம் கட்டியவர்கள் மேளத்துக்கு ஆடுவார்கள். நிலவுக்கும் முன்னோர்களுக்கும் பழமும் பணியாரமும் படைப்பதுமுண்டு. அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் கடைசியில் அந்தத் தட்டைக் காலி செய்வது புரோகிதனல்ல, பிள்ளைகளே!

புராணம் இல்லாமலில்லை. குவோய் என்ற ஒருவன் நோய் தீர்க்கும் ஆலமரம் ஒன்றை வளர்த்தானாம். அது வேரோடு கிளம்பி ஆகாயத்தில் பறந்ததாம். வேரைப் பிடித்துத் தொங்கியவன் சந்திரனிலேயே தங்கிவிட்டானாம். ஆனால் அந்த ஜனங்களே புளுகனைக் கண்டால், “குவோய் மாதிரி பொய் சொல்லுகிறான்” என்கிறார்கள். கதையைக் கதையாக வைத்திருப்பவர்களுக்கு அதனால் கெடுதி என்ன?

1969-ல் மனிதன் சந்திரனில் இறங்கிக் கல்லும் மண்ணும் கொண்டுவந்தான். அங்கே ஆலமரமுமில்லை, குவோயுமில்லை. 1980-ல் வியட்நாமியரான பாம் துவான் சோவியத் ராக்கெட்டில் ஏறிப் பூமியைச் சுற்றி வந்தார். குவோய் வேரைப் பிடித்துப் போனது கதை. துவான் கணக்கைப் பிடித்துப் போனது நிஜம்.

அந்தக் கணக்குக்கு முதல் பாடம் பண்டிகை விளக்கிலேயே இருக்கிறது. அங்கே சுழல்விளக்கு என்று ஒன்றுண்டு. உள்ளே தீபம் ஏற்றினால் காற்று சூடேறி மேலெழும்பி, உச்சியிலுள்ள காகிதச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதோடு போர்வீரர் பொம்மைகளின் நிழலும் ஓடுகிறது. “இது எப்படிச் சுற்றுகிறது?” என்று பிள்ளை கேட்டால் தகப்பன் பதில் சொல்லலாம். பதில் சொல்லக்கூடிய அதிசயமே நமக்கு வேண்டியது.

வருந்தத்தக்க சங்கதி வேறொன்று. நிலாப் பணியாரம் இப்போது பட்டும் பளபளப்புமான பெட்டியிலேறி, மேலதிகாரிகளுக்கும் காரியம் ஆகவேண்டியவர்களுக்கும் காணிக்கையாகப் போகிறது. புரோகிதன் இல்லாத இடத்தில் அதிகாரி வந்து உட்கார்ந்து கொண்டால், ஏழைப் பிள்ளைக்கு என்ன மிச்சம்?

ஆகவே, படையல் போகட்டும், காணிக்கைப் பெட்டியும் போகட்டும். விளக்கு மட்டும் பிள்ளை கையிலேயே இருக்கட்டும்.