அந்தப் பாக்கை ஆர் அடுக்கிறது?

யூடியூபில ஆஸ்பத்திரி பாக் எண்டு தேடினால் வீடியோக்களுக்குக் குறைவில்லை. சென்னையில ஒருத்தர், லண்டனில ஒருத்தர், எல்லாரும் சாமான்களைக் கட்டிலில பரப்பி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவார்கள். எங்கட கிளினிக்கில மிட்வைஃப் அக்கா சொல்லுற பட்டியல் அவ்வளவு அழகானதில்லை. துவாய், பழைய பருத்தித்துணி, பாட், சவர்க்காரம், பிளாஸ்க், கோப்பை, செருப்பு. ஆனால் இரண்டிலயும் ஒரு விஷயம் ஒண்டுதான்: பாக்கை அடுக்குவது கர்ப்பிணிப் பெண்.

இதைத்தான் மாத்தவேணும் எண்டு நான் சொல்லுறன். அந்தப் பாக்கைத் திறக்கப்போகிற ஆள்தான் அதை அடுக்கவேணும்.

நோ தொடங்கின பிறகு அவ பாக்கைத் திறக்கமாட்டா. திறக்கிறது வெளியில நிக்கிற ஆள். பிள்ளைப்பேற்று வாட்டுக்கு வெளியில ஒருக்காலாவது காத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். மிஸ் கதவடிக்கு வந்து, "பிள்ளைக்குத் துணி தாங்கோ" எண்டு கேட்பா. மனுசன் பாக்கைக் கவிட்டுக் கொட்டி, அவவின்ர நைற்றியையும் சீப்பையும் கிளறிப்போட்டு, "எங்க வச்சவ எண்டு தெரியேல்ல மிஸ்" எண்டு நிப்பார். பாக்குக்குள்ள எல்லாம் இருக்கும். எது எங்க எண்டு தெரிந்த ஒரே ஆள் உள்ள கட்டிலில படுத்திருப்பா.

"அவவுக்குத்தானே என்ன வேணும் எண்டு தெரியும்" எண்டு சிலர் சொல்லுவினம். முதல் பிள்ளை எண்டால் அவவுக்கும் அது முதல் தரம்தான். மிட்வைஃப் அக்கா சொன்னதைக் கேட்டுத்தான் அவவும் தெரிஞ்சுகொண்டா. அதே பட்டியலை வாசிக்க அவருக்கும் கண் இருக்கு.

அடுக்கும்போது முதலில வைக்கவேண்டியது சட்டையில்லை, கடதாசிகள். கர்ப்பகாலப் பதிவு அட்டை, இரத்த ரிப்போர்ட்டுகள், ஸ்கான் ரிப்போர்ட், அடையாள அட்டை. அந்த அட்டையை உள்ள வைக்க முன்னம் ஒருக்கா விரிச்சு வாசியுங்கோ. அவவின்ர இரத்த வகை என்ன, பிரஷர் இருக்கா, சீனி இருக்கா, எந்த மருந்து ஒத்துவராது? தாயின் இரத்தம் நெகட்டிவ் வகையாக இருந்து பிள்ளையினது பொசிட்டிவ் எண்டால், பிறந்து 72 மணித்தியாலத்துக்குள்ள தாய்க்கு அன்ரி-டி ஊசி போடவேணும். அடுத்த பிள்ளையைக் காக்கிற ஊசி அது. மயக்கத்திலயும் களைப்பிலயும் இருக்கிற ஒருத்தி இதை ஞாபகம் வச்சுக் கேட்கவேணும் எண்டு எதிர்பார்க்கிறது நியாயமா?

அடுத்தது பாட். எங்கட கடைகளில பாட்டைப் பேப்பரில சுத்தித்தான் தருவினம், கேட்கிறவரும் குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார். பிள்ளை பிறந்த பிறகு போகிற இரத்தம் மாதவிடாய் மாதிரி நாலு நாளில நிக்காது. கிழமைக்கணக்கில, குறைஞ்சு குறைஞ்சு போகும். சிசேரியன் எண்டாலும் போகும். அதால பெரிய பாட்டாகப் பார்த்து, தாராளமாக வாங்கவேணும். ஒரு பாட் ஒரு மணித்தியாலத்துக்குள்ள முழுசா நனைஞ்சால், பெரிய கட்டிகள் போனால், உடனே மிஸ்ஸிடம் சொல்லவேணும். வீட்டுக்கு வந்த பிறகு எண்டால் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும். பாட் வாங்கக் கூச்சப்படுகிறவர் இதைக் கவனிக்கப்போவதில்லை. இந்த விஷயத்தில கூச்சம் உயிரைக்கூட எடுக்கும்.

பிள்ளை பிறக்க முன்னம் சாமான் வாங்கக்கூடாது எண்டு சில வீடுகளில ஒரு நம்பிக்கை இருக்கு. அதை நான் கேலி செய்யமாட்டன். பிள்ளையை இழந்த வீடுகளின்ர பயம் அதுக்குள்ள இருக்கு. ஆனால் அந்த நம்பிக்கையோடயும் பாக் அடுக்கலாம். அக்காவின்ர பிள்ளை போட்ட சட்டை, அப்பப்பாவின்ர பழைய வேட்டி போதும். பலதரம் தோய்ச்ச பருத்திதான் பச்சைப்பிள்ளையின்ர தோலுக்கு இதம். அதைத் தோய்ச்சு, வெயிலில காயவிட்டு, மடிச்சு வைக்கிறது ஆம்பிளைக்குத் தெரியாத வித்தையில்லை. மா ரின்னும் சூப்பிப் போத்தலும் மட்டும் வைக்காதேங்கோ. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள தாய்ப்பால் கொடுக்க வாட்டிலயே உதவி செய்வினம்.

லேபர் ரூமுக்கு ஒரு பை, வாட்டில அம்மாவுக்கு ஒண்டு, பிள்ளைக்கு ஒண்டு எண்டு பிரிச்சு, வெளியில பெரிசா எழுதி ஒட்டுங்கோ. நகையை வீட்டில விடுங்கோ. போன் சார்ஜரையும் ஓட்டோவுக்குச் சில்லறைக் காசையும் மறக்காதேங்கோ. 36ஆவது கிழமைக்கு முன்னம் எல்லாம் முடிஞ்சிருக்கவேணும்.

கணவன் எண்டே சொல்லிக்கொண்டு போறன், ஆனால் எல்லாருக்கும் அப்படி அமையாது. அவர் கட்டாரில இருக்கலாம், கடலில இருக்கலாம், இல்லாமலே இருக்கலாம். அப்படியெண்டால் கதவடியில நிக்கப்போகிற அம்மாவோ தங்கச்சியோ சிநேகிதியோ அடுக்கட்டும். பிரசவ நேரத்தில பெண் தான் விரும்புகிற ஒருவரைத் துணைக்கு வைத்திருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல பரிந்துரைத்தது. உங்கட ஆஸ்பத்திரியில அதுக்கு இடம் இருக்கா, ஆரை உள்ள விடுவினம் எண்டு கிளினிக்கிலயே கேளுங்கோ. நோ தொடங்கின பிறகு கேட்கிற கேள்வியில்லை அது.

இந்த நாட்டில தாய்க்கு 84 நாள் பிரசவ விடுமுறை. அரச ஊழியரான தகப்பனுக்கு 3 நாள். தனியார் துறையில தகப்பனுக்கு விடுமுறை கொடு எண்டு சட்டமே இல்லை. பிள்ளை வளர்ப்பில ஆம்பிளை விருந்தாளி எண்டு சட்டமே நினைக்குது. அதை மாத்தக் கேட்கவேணும், கட்டாயம் கேட்கவேணும். ஆனால் பாக் அடுக்க ஒரு சட்டமும் தடையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போதும். அவ கதிரையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு பட்டியலை வாசிக்கட்டும். நீங்கள் மடிச்சு வையுங்கோ.