முதலில் சுரங்கத்தை மூடுங்கள்

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது என்கின்றன அரசு ஏடுகள். நின்றது வேலையும் கூலியும்தான். பின்னாலேயே பம்புகளும் நின்றன. சுரங்கத்தை மூடுவது வேறு காரியம். குழிவாயை அடைக்க வேண்டும், உள்ளே ஏறும் தண்ணீரை அளந்துகொண்டே இருக்க வேண்டும், வெளியே கொட்டிக் குவித்த மண்ணுக்கு ஒரு வழி சொல்ல வேண்டும், நாலைந்து தலைமுறையாக அங்கேயே வேர்விட்டவர்களுக்குக் கணக்கு முடிக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவற்றில் எதுவும் முறையாக முடிந்தபாடில்லை. இந்த நிலத்தில்தான் தொழிற்பேட்டை பேசப்படுகிறது. பேட்டை வரட்டும், வரத்தான் வேண்டும். ஆனால் அதன் திட்ட அறிக்கை முதலில் ஒரு சுரங்க மூடல் திட்டமாக இருக்க வேண்டும், மனை வரைபடம் அதற்குப் பிறகுதான் என்பது நம் கட்சி.

பேட்டைக்கான நியாயத்தை யாரும் குறைத்துப் பேச முடியாது. மாரிகுப்பத்தில் விடியுமுன் புறப்படும் ரயிலே அதற்குச் சாட்சி. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிபன் பாக்ஸும் கையுமாக ஏறும் கூட்டம், பங்காருபேட்டை வருவதற்குள் நிற்க இடமில்லாமல் செய்துவிடுகிறது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் போய், பெங்களூருவில் காவல் வேலையும் கட்டட வேலையும் கடை வேலையும் பார்த்துவிட்டு இரவில் திரும்புகிறார்கள். வேலையை ஊருக்கே கொண்டுவர வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சு இல்லை. நிலமும் இருக்கிறது. பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் வசம் சுமார் 12,000 ஏக்கர். அதில் 3,200 ஏக்கரைத் தொழிற்பேட்டைக்குக் கேட்டு, கர்நாடகத் தொழில் அமைச்சராக இருந்த ஜெகதீஷ் ஷெட்டர் 2020-ல் மத்திய அரசிடம் பேசினார். 1964-ல் இங்கே வந்த மண்வாரி இயந்திர ஆலையான பெமல், தனக்குத் தேவைப்படாத தொள்ளாயிரத்துச் சொச்சம் ஏக்கரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. சென்னை–பெங்களூரு விரைவுச்சாலை பக்கத்திலிருக்கும் பேத்தமங்கலத்தை ஒட்டிப் போகிறது. நிலம், ரயில், சாலை, ஆள் நான்கும் ஒரே இடத்தில் வாய்ப்பது அபூர்வம். சிக்கல், இந்தப் பேச்சுகளில் எல்லாம் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொற்றொடரில் இருக்கிறது: ‘சும்மா கிடக்கும் நிலம்’. தங்கவயல் நிலம் சும்மா கிடக்கவில்லை. கடனோடு கிடக்கிறது.

அந்தக் கடன் எப்படித் தங்கியது என்பதற்கு ஒரு தேதிக் கணக்கு உண்டு. சுரங்கம் நடத்துபவர் மூடல் திட்டமும் அதற்கான வைப்புத்தொகையும் காட்ட வேண்டும் என்று இந்தியக் கனிம விதிகள் கட்டாயமாக்கியது 2003-ல். தங்கவயலில் வேலை நின்றது 2001-ல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்து இறங்கியது முதல் 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த இடம், பெரும் மூடல் செலவு வைக்க வேண்டிய இடம், இரண்டு ஆண்டு வித்தியாசத்தில் விதிக்கு வெளியே விழுந்துவிட்டது. 2015-ல் வந்த மாவட்டக் கனிம அறக்கட்டளை ஏற்பாடும் உதவவில்லை. ஓடும் சுரங்கத்தின் ராயல்டியிலிருந்து அல்லவா அதற்குப் பணம் வருகிறது! ஆகவே, இந்த ஊருக்குச் சட்டம் தராமல் விட்ட மூடல் திட்டத்தைப் பிடிப்பதற்குக் கையில் இருக்கும் ஒரே கொக்கி இந்தத் தொழிற்பேட்டைதான். மனைகள் கைமாறிய பிறகு எந்த அரசுக்கும் அந்தச் செலவில் அக்கறை இருக்காது.

கடனில் கண்ணுக்குத் தெரியும் பகுதி, ஊர்க்காரர்கள் ‘சயனைடு மேடு’ என்று சொல்லும் பதின்மூன்று குன்றுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சக்கை அது, சுமார் 3.3 கோடி டன். மழைநீர் அறுத்த ஓடைகள் அதன் சரிவெங்கும் விரல் விரலாக இறங்குகின்றன. புல் பிடிப்பது கூட அரிது. ஆடிக் காற்று கிளம்பினால் அந்தச் சாம்பல் நிற மாவு எழும்பி, கொடியில் காயும் துணியிலும் மூடாத குடத்திலும் படிகிறது. பெயர் காரணமாக எல்லாரும் சயனைடைக் கண்டுதான் பயப்படுகிறார்கள். வெயிலும் காற்றும் பட்டால் சயனைடின் பெரும்பகுதி காலப்போக்கில் சிதைந்துவிடும். இரும்போடு கட்டுண்ட பகுதிதான் நீடிக்கும். சிதையாமல் என்றைக்கும் இருப்பது சிலிக்கா, அதாவது மாவாக்கிய பாறை. சுரங்கத்துக்குள் துளை போட்டவர்களின் நுரையீரலைக் கல்லாக்கிய அதே தூசு. ‘சயனைடு எல்லாம் போயிருக்கும், கவலை வேண்டாம்’ என்று ஓர் ஆய்வறிக்கை நாளை சொன்னால் அது பாதி உண்மையாகவே இருக்கலாம். நமக்கு வேண்டியது மீதிப் பாதி: காற்றில் எவ்வளவு, நிலத்தடி நீரில் எந்த உலோகம் எவ்வளவு என்ற அளவு. கண்ணாடித் தடுப்புக்குள் நுண்கருவி பூட்டும் ஆலையைக் கூப்பிட்டு உட்கார வைக்க நினைப்பவர்களுக்கும் அந்த அளவு தேவைதானே?

இந்த மேடுகளைப் பற்றி டெல்லிக்கு வேறு கனவு. 1,003 ஏக்கரில் பரந்திருக்கும் பதின்மூன்று மேடுகளையும் மறுபடி அலசித் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. டன்னுக்கு ஒரு கிராம் அளவில் கிடைக்கலாம் என்று பேசப்பட்டது. இன்றைய தங்க விலையில் அது லாபமாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு டன் மண்ணிலிருந்து ஒரு கிராம் போனால் மிச்சம் என்ன? அதே ஒரு டன் மண். 3.3 கோடி டன்னை அலசி முடித்தால், ஈரச் சேறாக, புதிதாகச் சயனைடு கலந்த 3.3 கோடி டன் மிஞ்சும். அதை எங்கே கொட்டப் போகிறார்கள் என்பதுதான் முழுத் திட்டத்தின் உயிர்நாடி. ஒரு பக்கம் ஓர் அரசு மேட்டைக் கலைத்துப் பல ஆண்டுகள் தூசு கிளப்பும். அடுத்த வேலிக்குள் இன்னோர் அரசு உணவுப் பதப்படுத்தும் ஆலைக்கும் மின்னணு ஆலைக்கும் மனை விற்கும். இரண்டு அரசும் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த வரைபடத்தைப் பார்த்தது போலத் தெரியவில்லை.

இதைச் செய்து காட்டிய ஊர் ஒன்று உண்டு: தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க். நகரின் நடுவே நின்ற தங்கக் கழிவு மேடுகளை 1970-களின் இறுதியிலிருந்து நீர்ப்பீரங்கியால் கரைத்து, குழாய் வழியே வேறு கழிவு அணைக்கட்டுகளுக்குக் கொண்டுபோய், வழியில் எஞ்சிய தங்கத்தையும் எடுத்துக்கொண்டார்கள். மேடு போன இடத்தில் கிடங்குகளும் தொழிற்கூடங்களும் எழுந்தன. மேட்டை அகற்றும் செலவைத் தங்கமே கொடுத்தது. அதே ஜோகன்னஸ்பர்க்கின் மேற்கே, பம்புகளை நிறுத்திய பழைய சுரங்கங்களிலிருந்து 2002-ல் அமில நீர் பொங்கி வெளியே வழிந்தது. தங்கவயலின் பாறை வேறு வகை. அதே அமில நீர் இங்கேயும் வரும் என்று சொல்வதற்கில்லை. வராது என்பதையும் அளந்துதான் சொல்ல வேண்டும். தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் நீர். அந்த ஆறு அப்படியே கீழே இறங்கி வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வருகிறது. அங்கே ஏற்கெனவே தோல் கழிவால் பட்டது போதும்.

இனிக் கண்ணுக்குத் தெரியாத கடன். சாம்பியன் ரீப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுரங்கப் பாதைகள் இந்த ஊருக்கு அடியில் ஓடுகின்றன. கட்டடம் கட்டுபவர் பயப்பட வேண்டியது அந்த ஆழத்தைப் பார்த்தல்ல. தரைக்குச் சில பத்து அடி கீழே, ஆரம்ப காலத்தில் தோண்டிய பழைய குழிகளே ஆபத்து. வெள்ளையர் கம்பெனி வருவதற்கு வெகுமுன்பே இங்கே தங்கம் தோண்டினார்கள். நில அளவைக்கு வந்த ஜான் வாரன் என்ற அதிகாரி 1802-லேயே கிராமத்தார் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். கம்பெனியின் வரைபடம் கம்பெனி தோண்டியதைக் காட்டும். அதற்கு முந்தைய குழிகளை எந்த வரைபடம் காட்டும்? பாறை அழுத்தம் வெடித்துச் சிதறுவதைத் தொழிலாளிகள் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அந்தப் பாறைவெடிப்பை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ல் பிறந்ததே தங்கவயலில்தான். சுரங்கத்தில் தண்ணீர் நிரம்பத் தொடங்கிய பிறகும் ஊரில் அதிர்வு நிற்கவில்லை. ஒவ்வொரு மனைக்கும் கீழே துளையிட்டுப் பார்த்து, ‘இங்கே கட்டலாம், இங்கே கிடங்கு மட்டும், இங்கே மரம் மட்டும்’ என்று பிரித்த வரைபடம் வெளிவராமல் ஒரு சென்ட் கூடக் கொடுக்கக் கூடாது. அலசி முடித்த சேற்றில் ஒரு பகுதியைச் சிமெண்ட்டோடு பிசைந்து, இந்த ஆழமற்ற பொந்துகளிலேயே திருப்பி நிரப்பலாம். உலகச் சுரங்கங்களில் இது நடைமுறையில் இருக்கும் முறைதான். மேட்டின் கடனும் பொந்தின் கடனும் சேர்ந்து குறையும்.

மனிதர்களுக்கு வருவோம். வடஆர்க்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் சுரங்கத்துக்குள் இறங்க வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் ‘லைன்’ வீடுகளில் இருக்கிறார்கள். பலருக்கு வீட்டுக்குப் பட்டா என்று ஒரு தாள் இல்லை. சுரங்கம் மூடிப் பத்தாண்டு கழித்தும் இங்கே உலர் கழிப்பறைகளின் மலத்தைக் கையால் அள்ளிச் சுத்தம் செய்த கொடுமை வெளியே வந்து நாடே தலைகுனிந்தது. ‘நிலம் அரசுடையது, தொழிலாளிகளுக்குப் பணிமுடிவுப் பலன் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன?’ என்பது ஒரு வாதம். கூலிக்கான கணக்கு அது. தூசுக்கும் நோய்க்கும் நூறாண்டு வாடகைக் குடியிருப்புக்கும் யாரும் கணக்குப் போடவில்லை. 3,200 ஏக்கரை வெளியாருக்குக் கொடுக்க முடிகிற அரசுக்கு, குடியிருக்கும் வீட்டடியை எழுதிக் கொடுப்பது பெரிய காரியமா?

‘வேலை கொடுப்போமே’ என்ற பதிலையும் உரசிப் பார்க்க வேண்டும். இதே கோலார் மாவட்டத்தின் நரசாபுரத்தில், ஐபோன் தயாரித்த ஆலையை 2020 டிசம்பரில் தொழிலாளர்கள் அடித்து நொறுக்கினார்கள். ஒப்பந்தக் கூலி ஒழுங்காக வராததே காரணம். வன்முறையை நியாயப்படுத்த முடியாது. ஆனால் எண்ணிக்கை மட்டும் வேலைவாய்ப்பு ஆகாது என்பதற்கு அதைவிடப் பக்கத்தில் உதாரணம் தேட வேண்டாம். அடுத்தது, ‘உள்ளூர்க்காரர்’ யார் என்ற கேள்வி. தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரருக்கு இடம் ஒதுக்க 2024 ஜூலையில் கர்நாடகம் கொண்டுவந்து, இரண்டே நாளில் நிறுத்திவைத்த மசோதா, கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்றது. பள்ளிச் சான்றிதழில் கன்னடம் இல்லையென்றால் தேர்வு எழுத வேண்டும். மாநில மொழியைக் கற்பது நியாயமான எதிர்பார்ப்பு; இளைய தலைமுறை கற்றும் வருகிறது. ஆனால் தமிழ்ப் பள்ளியில் படித்த நாற்பத்தைந்து வயதுத் தங்கவயல்காரர், தன் கொள்ளுத்தாத்தா இறங்கிய குழியின் மேல் எழும் ஆலையில் அந்நியராகிவிடக் கூடாது. இந்தப் பேட்டைக்கு மட்டுமாவது, சுரங்கப் பணிப்பதிவேட்டில் பெயருள்ள குடும்பம் என்பதே முதல் தகுதியாக இருக்கட்டும்.

இத்தனைக்கும் பணம் எங்கே என்று கேட்பார்கள். ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் இதே கேள்விக்கு 2007-லேயே விடை கண்டார்கள். நிலக்கரிக் கம்பெனியின் லாபமான ரசாயனத் தொழிலின் பங்குகளை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்கள். 2018 டிசம்பரில் பொட்ரோப்பில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடியது. 2019 முதல், ஓயாமல் தண்ணீர் இறைப்பது உள்ளிட்ட முடிவில்லாச் செலவுகளை அந்த அறக்கட்டளைதான் ஏற்கிறது. இறைப்பதை நிறுத்தினால் அங்கே தாழ்ந்துபோன நகரப் பகுதிகள் மூழ்கிவிடும். நமக்கு ரசாயனக் கம்பெனி இல்லை. மேட்டில் தங்கம் இருக்கிறது, மனைக்கு விலை இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஒரு பங்கைத் தங்கவயலுக்கு மட்டுமே செலவழிக்கக்கூடிய தனி நிதியில் போட்டுவிட வேண்டும். அரசுக் கஜானாவில் கலந்தால் அது திரும்பி வராது.

இவ்வளவு நிபந்தனை போட்டால் முதலீட்டாளர் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுவார் என்பது கடைசி ஆட்சேபம், கொஞ்சம் கனமானதும் கூட. ராணிப்பேட்டையைப் பார்க்கட்டும். அங்கே சிப்காட் வளாகத்தில் ஒரு குரோமேட் ஆலை 1990-களில் மூடிப்போனபோது விட்டுச்சென்ற சுமார் இரண்டு லட்சம் டன் குரோமியக் கழிவு, கால் நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பேட்டையின் தலையில் உட்கார்ந்தது. எந்த முதலீட்டாளரும் பயப்படுவது தெரிந்த நிபந்தனைக்கு அல்ல, மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தெரியாத பொறுப்புக்கு. தாமதம் கூடாதென்றால், பெமல் திருப்பிய நிலத்தில் தொடங்கட்டும்; சுரங்க நிறுவனத்தின் நிலத்தைவிட அங்கே சோதனை சீக்கிரம் முடியும். மேடுகளை ஒட்டிய நிலம் காத்திருக்கட்டும். கழிவு மேட்டுக்கான ஏல ஆவணத்தில் ஒரே ஒரு பக்கத்தை இப்போதே சேர்க்கலாம்: அலசிய சேறு எந்த சர்வே எண்ணில் போய்ச் சேரும், அதை யார் போர்த்துவார், எத்தனை ஆண்டு காப்பார். அந்தப் பக்கத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் அச்சடித்து, ராபர்ட்சன்பேட்டை நகராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவிட்டு ஏலத்தைக் கூப்பிடுங்கள்.