பருப்புக்கு 2 ரூபாய். பாக்கெட்டுக்கு 9 ரூபாயா?

"எவ்வளவு சம்பாதித்தாலும் சாப்பாட்டுச் செலவுக்கே போதவில்லை!"

சனிக்கிழமை மாலை விராலிமலைக் கடைவீதியில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வாரக் கூலியை வாங்கிக் கொண்டு மளிகைக் கடைக்கு வருபவர்களில் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. விலைவாசி ஏறிக் கொண்டேதான் இருக்கிறது. அதற்காக ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்க வேண்டியது நம் கடமை. அதில் எவ்வித மாற்றுக் கருத்தும் இல்லை.

ஆனால் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. அந்தக் கூலி எதில் கரைகிறது?

மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு இதற்கு விடை சொல்கிறது. இந்தியக் கிராமத்தில் வாழும் ஒருவர் மொத்தமாக 100 ரூபாய் செலவழித்தால், அதில் 9 ரூபாய் 62 காசு டீ, குளிர்பானம், தின்பண்டம், தயார் உணவு ஆகியவற்றுக்குப் போகிறது. காய்கறிக்கு 5 ரூபாய் 38 காசு. பருப்பு, பயறு வகைகளுக்கோ வெறும் 2 ரூபாய் 1 காசு!

உடம்பை வளர்க்கும் பருப்புக்கு இரண்டு ரூபாய். நாக்கை ஏமாற்றும் பாக்கெட்டுக்கு ஒன்பது ரூபாய்! இது என்ன நியாயம்?

விளைவு என்ன தெரியுமா? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தச் சோகை. அதாவது, நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவர் இரத்தமின்றித்தான் நடமாடுகிறார்.

ஒரு பாக்கெட்டின் கணக்கு

வியாபாரிகளுக்குக் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் இதைப் போட்டுப் பாருங்கள். கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டில் 25 கிராம் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அப்படியானால் கிலோ 400 ரூபாய்! நம் புதுக்கோட்டை மண்ணில் விளையும் நிலக்கடலைப் பருப்பு அதில் பாதி விலைகூட இல்லை. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. பாக்கெட்டில் இருப்பது எண்ணெயும் உப்பும் காற்றும்தான்.

ஒரு வீட்டில் நாளொன்றுக்கு மூன்று பாக்கெட் என்றால் 30 ரூபாய். வாரத்துக்கு 210 ரூபாய். முட்டை ஒன்று 7 ரூபாய் என்றே கணக்கிட்டாலும் அந்தப் பணத்துக்கு 30 முட்டை வாங்கலாம். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் ஆளுக்குத் தினம் ஒரு முட்டை கொடுத்தாலும் மிச்சம் இரண்டு இருக்கும்!

வசதி இல்லாததாலா நம் பிள்ளைகள் மெலிந்து கிடக்கிறார்கள்? சிந்திக்க வேண்டாமா?

கையில் இருப்பதை விடலாமா?

1997-ல் மத்திய அரசு ரேஷன் அட்டைதாரர்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழகம் அதை ஏற்காமல் எல்லோருக்கும் பொதுவான விநியோகத்தைக் காப்பாற்றிக் கொண்டது. 2007-ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தது. அதில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? "ரேஷன் அரிசியா?" என்று முகம் சுளித்து, வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, கடையில் கிலோ அறுபது ரூபாய்க்கு வாங்குகிறோம். அந்த அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லையா? இட்லி, தோசைக்கு அரைக்கலாம். கஞ்சி காய்ச்சலாம். புட்டு, கொழுக்கட்டைக்கு மாவாக்கலாம். அரிசியில் மிச்சமாகும் பணம் பருப்புக்கும் முட்டைக்கும் போகட்டும். குறைந்த வருமானத்தில் குடும்பத்தை நன்றாகச் சாப்பிட வைக்க இதைவிட நேரான வழி இல்லை.

பயறு வகைகளுக்கான தேசிய ஆராய்ச்சி மையம் இருப்பது எங்கோ அல்ல. நம் மாவட்டத்தின் வம்பனில்தான். வம்பன் உளுந்து ரகங்கள் நாலாபக்கமும் விதைக்கப்படுகின்றன. நம் தட்டில் மட்டும் பயறு இல்லை என்றால் வெட்கம் யாருக்கு?

காசு செலவில்லாத விஷயங்களும் உண்டு. கொல்லையில் நிற்கும் முருங்கை கீரையாகட்டும். குழம்பில் அல்லது கீரையில் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது சேர்வது குறையும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

இளைஞர்களே!

உங்களிடம் கொஞ்சம் கசப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலை ஓரம் நண்பர்களோடு பரோட்டாவும் சால்னாவும். வீட்டில் தாய்க்கும் தங்கைக்கும் மிஞ்சிய சோறும் ஊறுகாயும். இது எத்தனை வீட்டில் நடக்கிறது! பரோட்டாக் கடையில் ஒரு இரவு ஆகும் செலவில், வீட்டில் எல்லோருக்கும் மூன்று நாள் பருப்புக் குழம்பு வைக்கலாம். கடைசியாகச் சாப்பிடும் தாய்க்குச் சட்டியில் என்ன மிஞ்சியது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்தீர்களா?

வியாபாரிகளே!

வேலையில்லாத வாரத்தில் பற்று நோட்டில் எழுதிக் கொண்டு அரிசி, பருப்புக் கொடுப்பவர்கள் நீங்கள்தான். பளபளக்கும் பெரிய கடைகள் யாருக்கும் கடன் சொல்வதில்லை. அந்த நன்றியை இந்தச் சமுதாயம் மறக்கக் கூடாது. ஆனால் அதே நோட்டில் பருப்புக்குக் கீழே குளிர்பானமும், சோப்புக்குக் கீழே நூடுல்ஸும் ஏறுவது உங்கள் கண்ணில் படாமல் இல்லையே! கடன் ஏறினால் நஷ்டம் வாங்கியவருக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான்.

ரமலானில் நாம் செய்து காட்டுவதை மற்ற மாதங்களில் ஏன் மறக்கிறோம்? அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். இவற்றை மொத்தமாக வாங்கி, ஒரே தேக்சாவில் காய்ச்சி, நூற்றுக்கணக்கானோருக்குக் கஞ்சி ஊற்றுகிறோம். பள்ளிவாசல்களின் நோன்புக் கஞ்சிக்குத் தமிழக அரசு 2001 முதல் பச்சரிசியும் தருகிறது. ஏழை, பணக்காரர் எல்லோரும் குடிக்கும் சத்தான உணவு அது. சேர்ந்து வாங்கினால் செலவு குறையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே ஒரு யோசனை. பத்துக் குடும்பங்கள் சேரட்டும். வாரப் பணத்தை முன்கூட்டியே ரொக்கமாக நம் ஊர் மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் கொடுக்கட்டும். அவர் திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டையாக எடுத்து வந்து, நியாயமான லாபம் வைத்து, சரியான எடையில் வாரப் பையாகக் கட்டித் தரட்டும். அரைக் கிலோ துவரம் பருப்பு, அரைக் கிலோ பாசிப்பயறு, அரைக் கிலோ கொண்டைக்கடலை, அரைக் கிலோ நிலக்கடலை, 15 முட்டை. இன்றைய விலையில் 500 ரூபாய்க்குள் இது அடங்கும். கடைக்காரருக்குக் கடன் தொல்லை இல்லை. குடும்பத்துக்குப் பட்டினி இல்லை. பணம் திரட்டிக் கணக்கு எழுதும் பொறுப்பை இளைஞர்கள் ஏற்கட்டும்.

ஒரு வேண்டுகோள் மட்டும். கடை வாசலில் தொங்கும் அந்தப் பாக்கெட் சரங்களை உள்ளே மாற்றுங்கள். அந்த இடத்தில் கடலை மிட்டாயும், பொட்டுக்கடலையும், அவித்த கடலையும் வையுங்கள். பிள்ளைகளின் கை எட்டுகிற இடத்தில் நீங்கள் எதை வைக்கிறீர்களோ, அதைத்தான் அவர்கள் கேட்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை கூலி வாங்கியதும் முதல் ரூபாய் எதற்குப் போகிறது என்று பார்ப்போம். அது பருப்புக்குப் போகட்டும்!