சில்லில் நிற்காத வாள்



போன மாதம் வன்னியில் ஒரு கிராமத்துத் தச்சுப் பட்டறைக்குப் போயிருந்தேன். 2009இற்குப் பிறகு மீளக் குடியேறிய ஆறு பெண்கள் சேர்ந்து நடத்துகிற இடம். முன்பள்ளி ஒன்றுக்கு இருபது சின்னக் கதிரைகள் கொடுக்கவேண்டிய வாரம் அது. ஆனால் வேலை நின்றுபோயிருந்தது. கதிரை முதுகை வளைவாக அரிகிற பாண்ட் சோ மெசினில் வாள் சில்லில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்ததாம்.

"மூண்டு நாளாய் ஆளுக்குக் கோல் எடுக்கிறம் தங்கச்சி. நாளைக்கு நாளைக்கு எண்டுறார்" என்றார் பொறுப்பான அக்கா. முதல்தரம் வந்தவர் ஏதோ ஒன்றைத் திருகிவிட்டுக் காசையும் வாங்கிக்கொண்டு, "பொம்பிளையள் இதிலை கை வைக்காதேங்கோ" என்று சொல்லிப் போயிருக்கிறார். அந்தச் சொல்லுக்காகவே மெசின் கதவை ஒருவரும் திறக்கவில்லை. சமூகவியல் படித்த நானும் வேறு ஆள் தேடலாம் என்றுதான் சொன்னேன். அக்காதான், "திறந்து பாப்பமே" என்றார்.

முதலில் பிளக்கைக் கழற்றினார்கள். வாளைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கத் தாங்கிகளையும் பின்தாங்கியையும் தள்ளி வைத்தார்கள். அவை வாளை நெருக்கிக்கொண்டிருந்தால் அது உண்மையில் எங்கே ஓடுகிறது என்று தெரியாது. பிறகு வாளை மாட்டி இறுக்கி, மேல் சில்லைக் கையால் மெல்லச் சுற்றினோம். வாள் முன்பக்கமாக நகர்ந்து வந்தது. மேல் சில்லின் பின்னால் ஒரு திருகு உண்டு. அது சில்லைச் சரிப்பதற்கு. சில்லின் தலைப்பக்கம் பின்னால் சாய்ந்தால் வாளும் பின்னால் போகும், முன்னால் சாய்ந்தால் முன்னால் வரும். கால் சுற்றுத் திருகி, சில்லைப் பல தரம் சுற்றிப் பார்த்தார் அக்கா. வாள் நடுவுக்கு வந்தது. ஆனால் கொஞ்சம் சுற்றியதும் துள்ளி மறுபடி விலகியது.

திருகில் பிழை இல்லை. கீழ்ச் சில்லின் கதவைத் திறந்தபோதுதான் விளங்கியது. ஈரப் பலகை அரிந்த தூள், சில்லைச் சுற்றியுள்ள றப்பரில் அடை அடையாக ஒட்டிக் கிடந்தது. அந்த மேடுகளில் ஏறி இறங்குகிற வாள் எப்படி நேராக ஓடும்? வந்தவர் கீழ்க்கதவைத் திறக்கவே இல்லைப் போலும்! கத்தி வைத்தால் றப்பர் வெட்டுப்படும் என்று தடிச் சிராயாலும் பழைய பிரஷாலும் சுரண்டினார்கள். அரை மணித்தியாலம் பிடித்தது.

பிறகு வாள் நடுவிலேயே நின்றது. (இந்த மெசினின் சில்லு நடுவில் சற்று மேடானது. தட்டையான சில்லு என்றால் மெசினோடு வந்த புத்தகம் சொல்கிற இடத்தில் ஓடவேண்டும்.) பக்கத் தாங்கிகளை ஒரு கடதாசி இடைவெளி விட்டு, வாளின் பல்லில் படாமல் வைத்தார்கள். பின்தாங்கியும் சும்மா ஓடும்போது வாளில் முட்டக்கூடாது, மரம் தள்ளும்போது மட்டும் தாங்கவேண்டும். கதவுகளை மூடிய பிறகுதான் கரண்ட் கொடுத்தோம். எல்லாரும் ஒதுங்கி நின்றோம், நான் எல்லாருக்கும் பின்னால்.

பின்னேரத்துக்குள் ஐந்து கதிரை முதுகுகள் அரிந்தாயிற்று. வீட்டுக்குப் போகமுன் அக்கா வாளின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டு, சுவரில் சோக்கால் எழுதினார்: "கீழ்ச் சில்லு — வெள்ளிக்கிழமை துப்புரவு."