எல்லாருக்குமான பூஜையில் பின்வாசல் எதற்கு?

எங்கள் தாத்தாவுக்கு ‘வங்காளி’ என்றால் தலைப்பாகை கட்டிய பஞ்சாபி. கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் மலாயாவில் அவர்களை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் கட்டுமான சைட்டில், உண்மையிலேயே வங்காள மொழி பேசுகிறவர்களுக்குப் பெயர் ‘பங்ளா’. அதை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இலக்கியக் கூட்டத்துக்குப் போனால் அதே வங்காளிகள் தாகூராகவும் சத்யஜித் ராயாகவும் ஆகிவிடுகிறார்கள். “வங்காளிங்களைப் பார்த்து நாம கத்துக்கணும்” என்று யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். கடைசியாக நான் போன கூட்டத்தில் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது துர்கா பூஜை. “வெளிநாட்டுல இருந்தாலும் எப்படி விட்டுக்கொடுக்காம கொண்டாடுறாங்க, பாருங்க.”

பார்த்தேன். 2025ஆம் ஆண்டுப் பூஜைக்கு நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். கல்கத்தாவின் குமார்துலியில் செய்த சிலை மாதக்கணக்கில் கடலில் மிதந்து வருகிறது. தூரதேசத்துக்குப் போகும் சிலைகளை வைக்கோலும் களிமண்ணும் வைத்துச் செய்தால் உடைந்துவிடும் என்பதால் பல சிலைகளை ஃபைபர்கிளாஸில் செய்கிறார்கள். ஊரில் தசமியன்று ஆற்றில் கரைக்கப்படும் அம்மா, இங்கே பெட்டிக்குள் போய் அடுத்த வருஷம்வரை காத்திருக்கிறாள். வங்கியில் பெரிய வேலையில் இருப்பவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிச்சுடிக்குக் காய் நறுக்குகிறார். பிரசாதம் சைவம். வெளியே வந்தால் மீன் வறுவலும் மட்டன் ரோலும் கிடைக்கின்றன. நவராத்திரிக்கு வெங்காயம்கூடத் தொடாத நம் வீட்டு அத்தைமார்கள் பார்த்தால் மயங்கி விழுவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

நம் ஆட்கள் மயங்குவது இதில் கலந்திருக்கும் இலக்கியத்தைப் பார்த்துத்தான். வங்காளத்தில் பூஜை வந்தால் பத்திரிகைகள் சாரதீய மலர் போடும். ஒரே மலரில் பல முழு நாவல்கள் வரும். ராயின் ஃபெலுடா கதைகள் பல ‘தேஷ்’ இதழின் பூஜை மலரில்தான் முதலில் வந்தன. புதுத்துணி எடுப்பதுபோல் மலரும் வாங்குவார்கள். வெளிநாட்டுச் சங்கங்களும் ஆளுக்கொரு மலர் போடுகின்றன. நம் தீபாவளி மலர்கள் மெலிந்துபோனதை நினைத்தால் பொறாமை வரத்தான் செய்யும்.

ஆனால் இந்தப் பூஜையைப் பற்றி அவர்களுக்குள்ளேயே ஒரு சண்டை இருக்கிறது. அமெரிக்காவில் பல சங்கங்கள் ஐந்து நாள் பூஜையைச் சனி, ஞாயிறுக்குள் மடக்கி, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்தில் முடித்துவிடுகின்றன. சுத்தக்காரர்களுக்கு இது ஆகாது. நான் போன மண்டபத்திலும் ஒரு பெரியவர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: “நாங்க அப்படி இல்லை. பஞ்சாங்கத்துல என்ன திதியோ, அன்னைக்குத்தான்.” வாரக்கடைசிப் பூஜை போலி, திதிப் பூஜை அசல் என்பது அவர் கட்சி. காலத்துக்கு ஏற்ப மாறிக்கொள்வதுதான் உயிரோட்டம் என்பது எதிர்க்கட்சி. நம் கூட்டங்களிலும் ‘புலம்பெயர் பண்பாடு’ என்று தலைப்பு வைத்தால் இதே இரண்டு கட்சிதான் மைக்கைப் பிடித்துக்கொள்ளும்.

எனக்கு இரண்டு கட்சியிலும் அக்கறை இல்லை. வங்காளத்திலேயே இரண்டு விதப் பஞ்சாங்கம் புழங்குகிறது, நேரம் முன்னே பின்னே வரும். சிலை மாறும், தேதி மாறும், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. மாறக் கூடாதது வேறொன்று. அதைத் தெரிந்துகொள்ள இந்தப் பூஜையின் கதைக்குத்தான் போக வேண்டும்.

ஒரு காலத்தில் துர்கா பூஜை ஜமீன்தார் வீட்டுப் பூஜை. யார் வரலாம், எதுவரை வரலாம் என்பதெல்லாம் வீட்டுக்காரர் இஷ்டம். 1790இல் ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் அப்படி ஒரு வீட்டில் மறுக்கப்பட்ட பன்னிரண்டு நண்பர்கள், ஊரில் காசு திரட்டித் தாங்களே பூஜை நடத்தினார்கள் என்று சொல்வார்கள். பாரோ என்றால் பன்னிரண்டு, யார் என்றால் நண்பன். அதுதான் ‘பாரோயாரி’ பூஜை. அது வளர்ந்து இருபதாம் நூற்றாண்டில் ‘சர்வஜனீன்’ ஆனது. அதாவது எல்லா ஜனங்களுக்குமானது. இன்றைக்குக் கல்கத்தாவில் தெருத்தெருவாக நடக்கும் பூஜைகளின் பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2021இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததும் இந்தத் தெருப் பூஜையைத்தான்.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ‘தேவதாஸ்’ படம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். துர்கை சிலைக்கான களிமண்ணில் பாலியல் தொழிலாளியின் வீட்டு வாசல் மண்ணும் கொஞ்சம் கலக்க வேண்டும். ஊர் எந்த வாசலை ஒதுக்கி வைத்திருக்கிறதோ, அந்த வாசல் மண் இல்லாமல் அம்மா முழுமையாக மாட்டாள். காரணம் பல சொல்வார்கள். எனக்கு இது போதும்.

இந்தக் கதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் ஷஷ்டியன்று மண்டபத்துக்குப் போனேன். செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை. என்னோடு வந்தவர் எங்கள் சைட்டில் கம்பி கட்டுகிறவர். பங்களாதேஷில் பரிசால் பக்கம். வயது நாற்பதைத் தொடும். சிங்கப்பூருக்கு வந்து ஒன்பது வருஷம். சைட்டில் எல்லாரையும் போல நானும் அவரை ‘பாய்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் இந்து என்று தெரிந்ததே அண்மையில்தான். பங்களாதேஷில் நூற்றுக்கு எட்டுப் பேர் இந்துக்கள், அங்கே தசமிக்கு அரசு விடுமுறை என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தில் இங்கே ஒரு பூஜைக்கும் அவர் போனதில்லை. “போலாம் பாஸ், ஆனா யார்கூட?” என்றார். இஸ்திரி போட்ட நீலச் சட்டையில் வந்திருந்தார். சட்டை அறைத் தோழர் கொடுத்தது. அந்தத் தோழர் முஸ்லிம்.

வாசலில் இரண்டு தொண்டர்கள் நின்றிருந்தார்கள். ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்து, “வாங்க வாங்க, சென்னையா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “இல்லைங்க, யீஷூன்” என்றேன். பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்து அதே ஆங்கிலத்தில், அதே சிரிப்போடு சொன்னார்: “கேட்டரிங் ஆட்கள் பின்பக்கமா வரணும்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பின்பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். வங்காளத்தில் ஒரு வார்த்தை தெரியாத எனக்கு முன்வாசல். அதே மொழியில் கனவு காண்கிறவருக்குப் பின்வாசல். அதை அவர் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார், ஒன்பது வருஷப் பழக்கம்.

நான் கூப்பிட்டேன். அவர் திரும்பி வந்து வங்காளத்தில் ஏதோ சொன்னார். அம்மாவைப் பார்க்க வந்தேன் என்றாராம். அந்தப் பெண் முகம் சிவந்து, “சாரி தாதா, சாரி” என்று கையெடுத்துக் கும்பிட்டார். (தாதா என்றால் அங்கே அண்ணன், நம் சினிமா அர்த்தம் வேண்டாம்.) உள்ளே கூட்டிப்போய் இருவருக்கும் பிரசாதம் வாங்கிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்பட்டிருக்காது.

உள்ளே அண்ணன் டாக் மேளத்துக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றார். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. தாகம் எடுத்தபோது ‘ஜோல்’ கேட்டார். சைட்டில் அவர் எப்போதும் ‘பானி’ என்றுதான் கேட்பார். அங்கே இந்துக்கள் ஜோல் என்பார்கள், முஸ்லிம்கள் பானி என்பார்கள், தண்ணீர் ஒன்றுதான். டாமிட்டரி அறையில் எல்லாரும் பானி என்பதால் அவரும் அப்படியே பழகிவிட்டார். தன் வீட்டுச் சொல்லில் தண்ணீர் கேட்க அவருக்கு ஒரு மண்டபம் கிடைத்தது. அந்த மண்டபம் அவரைக் கேட்டரிங் ஆள் என்று நினைத்தது.

நான் இதைச் சொன்னால் பதில் தயாராக இருக்கிறது. “நாங்க யாரையும் தடுக்கலையே, கதவு திறந்துதானே இருக்கு?” சரி, கதவு எப்போது திறந்திருந்தது என்று பார்ப்போம். முக்கியமான அஞ்சலி அஷ்டமியன்று. 2025இல் அஷ்டமி செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர் செவ்வாய்க்கிழமை காலை துவாஸிலிருந்து எப்படி வருவார்? அந்தப் பெரியவர் பெருமைப்பட்ட ‘திதி தவறாத பூஜை’, விடுப்பு எடுக்க முடிந்தவர்களின் பூஜை. போலி என்று அவர் ஏளனம் செய்த வாரக்கடைசிப் பூஜைக்குத்தான் கம்பி கட்டுகிறவர் வர முடியும். ஞாயிற்றுக்கிழமை ஓர் அஞ்சலி வைத்தால் அம்மா கோபித்துக்கொள்வாளா? அறிவிப்பை வங்காளத்தில் அச்சடித்து டாமிட்டரி வாசலில் ஒட்ட எவ்வளவு செலவாகும்? ஒரு பஸ் பிடிக்க? மேடை அலங்காரத்துக்கு ஆனதில் ஒரு துண்டுகூட ஆகாது.

இலக்கியம் என்று மயங்கியவர்களுக்கும் ஒன்று. 2014இல் சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கவிதைப் போட்டி தொடங்கியபோது, முதல் பரிசு வாங்கியவர் ஜாகிர் ஹுசேன் கோகோன், பங்களாதேஷ்காரர். அதற்கும் முன்பிருந்தே ‘பாங்லார் கண்டோ’ என்று ஒரு பத்திரிகை இங்கே அவர்களுக்காக வந்துகொண்டிருந்தது. ஆக இந்த ஊரில் வங்காளக் கவிதை டாமிட்டரிக் கட்டிலிலும் எழுதப்படுகிறது. நான் பார்த்த கலைநிகழ்ச்சியில் அந்தக் கட்டிலிலிருந்து ஒரு வரி இல்லை. தாகூர் இருந்தார். தாகூரை வாசலில் யாரும் கேட்டரிங் ஆள் என்று நினைக்கமாட்டார்கள்.

இப்போது நம் கூட்டத்து நண்பருக்கு வருகிறேன். வங்காளிகளைப் பார்த்துக் கத்துக்கணும் என்றீர்கள். இந்தப் பாடத்தில் நாம் ஏற்கெனவே தேறியவர்கள், சார். “ஞாயித்துக்கிழமை தேக்கா பக்கம் போகாத, ஊர்க்காரங்க கூட்டம்” என்று சொல்லித்தான் என் அம்மா என்னை வளர்த்தார். நானும் இருபத்தைந்து வயதுவரை போகாமல்தான் இருந்தேன். அந்த ‘ஊர்க்காரங்க’ பேசுவது என் மொழி, கும்பிடுவது என் சாமி. நம் கவிதைக் கூட்டங்களில் நாற்காலியை அடுக்கி வைக்கிற புதுக்கோட்டைக்காரரிடம் நீங்களும் எழுதுவீர்களா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? வங்காளியின் பின்வாசல் என் கண்ணில் சட்டென்று பட்டது, அது என் வீட்டில் இருப்பதைப் போலவே இருந்ததால்தான்.

பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று யார் சொன்னாலும் இனி நான் சிலையையும் தேதியையும் மலரையும் பார்க்கப்போவதில்லை. வாசலில் நின்று, யார் எந்தப் பக்கமாக அனுப்பப்படுகிறார் என்றுதான் பார்க்கப்போகிறேன். பன்னிரண்டு நண்பர்கள் ஆரம்பித்த பூஜைக்கு வேறு அளவுகோல் இருக்க முடியாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணி, சாப்பாட்டு நேரம். பரிசாலில் காலை பத்து. அண்ணன் கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் கைப்பேசியோடு நின்றிருந்தார். அந்தப் பக்கம் அவர் மனைவி ஊர்ப் பந்தலில் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். புரோகிதர் மந்திரம் சொல்லச் சொல்ல இவரும் முணுமுணுத்தார். ஹெல்மெட்டையும் சேஃப்டி பூட்ஸையும் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். சைட்டில் பூட்ஸைக் கழற்றினால் பொறியாளர் குறித்துவைத்து மேலே அனுப்ப வேண்டும். அதுதான் என் வேலை. நான் எழுதவில்லை.

ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு கம்பி கட்டப் போனார். திதி தவறவில்லை.