கிதியோன் கேட்ட இரண்டாம் அடையாளம்



வலங்கைமானுக்கு அருகே ஒரு வீட்டில் ஜெபித்து எழுந்தபோது, அந்த வீட்டுத் தாயார் கேட்டார்: "ஐயா, புற்றுநோய்க்குப் புது மருந்து ஒன்று சோதனையில் நல்ல பலன் தருகிறதாம். இருக்கிற மூன்று மா நிலத்தையும் விற்றுவிடலாமா?"

புது மருந்து மனிதரிடத்தில் பெரும்பாலும் மூன்று கட்டங்களாகச் சோதிக்கப்படுகிறது. முதற்கட்டம் எந்த அளவு வரை கொடுக்கலாம் என்று பார்க்கிறது. இரண்டாம் கட்டம், குறைந்த எண்ணிக்கையான நோயாளிகளிடம், நோய் தணிகிறதா என்று பார்க்கிறது. மூன்றாம் கட்டமே, அநேகரிடம் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டு, மெய்யான நன்மை உண்டா என்று அறிகிறது.

இரண்டாம் கட்டம் அற்பமானதல்ல. மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்னும் செல் சிகிச்சை, முதலிரு கட்டச் சோதனைகளின் அடிப்படையில் 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. வேறு சிகிச்சைகள் கைவிட்ட இரத்த, நிணநீர்ப் புற்றுநோயாளிகள் 64 பேர் அவற்றில் பங்குபெற்றனர். பலன் மதிப்பிடப்பட்டவர்களில் 73 விழுக்காட்டினருக்கு நோய் தணிந்தது.

மறுபக்கமும் உண்டு. மென்திசுப் புற்றுநோய்க்கான ஓலராட்டுமாப், 133 பேரிடம் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் வாழ்நாளின் நடுமதிப்பை 14.7 மாதத்திலிருந்து 26.5 மாதமாக உயர்த்தியதாகத் தோன்றியது. அமெரிக்கா 2016-இல் அனுமதி அளித்தது. 500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த மூன்றாம் கட்டத்திலோ அந்த நன்மை காணப்படவில்லை என்று 2019-இல் தெரியவந்தது. மருந்து திரும்பப் பெறப்பட்டது.

ஆட்டுத்தோல் பனியில் நனைந்ததைக் கண்ட கிதியோன் அதோடு நிற்கவில்லை. மறுநாள் தோல் காய்ந்தும் தரை நனைந்தும் இருக்கும்படி வேண்டினான். கர்த்தர் அவனைக் கடிந்துகொள்ளாமல் அப்படியே செய்தார். மறுபடியும் சோதித்தறிவது அவிசுவாசமல்ல. நம் விவசாயிகளும் இதை அறிவார்கள்: ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையில் செழித்த புது நெல்லை, பல ஊர் வயல்களில் விளைந்து காட்டிய பின்னரே நம்பி விதைக்கிறார்கள்.

ஆகையால் அந்தத் தாயாரிடம் சொன்னேன்: "அம்மா, நிலத்தை விற்காதீர்கள். முறையான சோதனையில் அந்த மருந்துக்கு நோயாளியிடம் விலை கேட்பது வழக்கமில்லை. இது எந்தக் கட்டம், எதோடு ஒப்பிடுகிறார்கள், விரும்பினால் விலகிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விளங்கிய பின் கையொப்பமிடுங்கள்."

சோதனையில் சேருகிறவர் தமக்குப் பலன் கிடையாமற்போனாலும், பின்வரும் நோயாளிக்காக விதைக்கிறார். அந்த அன்பைக் கனப்படுத்துவோம். ஆனால் நம்பிக்கையை நிரூபணம் என்று சொல்லி, துன்பப்படுகிறவர்களை நாம் வஞ்சிக்கலாகாது. சத்தியத்தைச் சொல்வதும் சபையின் ஊழியமே.

கர்த்தர் நோயுற்றோருக்குச் சுகத்தையும், நமக்கு விவேகத்தையும் அருளுவாராக. ஆமென்.